பேக்ஹேண்ட்: ஒரு கையா, இரண்டு கையா, இல்லை காலா?

டென்னிஸ் ஆடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தன் பேக்ஹேண்ட் சுமார்தான் என்று வெளியே சொல்கிறவர்கள், சொல்லாதவர்கள். மூன்றாவது வகையை டிவியில் மட்டும்தான் பார்க்க முடியும் :-)

சொல்லாவிட்டாலும் எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் வார்ம்-அப் செய்வோம் இல்லையா, அது போதும். இடது பக்கம் நாலு பந்து போட்டுப் பார்ப்பார். நீங்கள் சுற்றி ஓடி வந்து ஃபோர்ஹேண்டில் அடித்தீர்கள் என்றால் கதை முடிந்தது. அதற்கப்புறம் நாள் முழுக்க இடது பக்கம்தான். (இதை முழுக்க வலது கைக்காரர்களை வைத்தே எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும். டென்னிஸில் உங்களுக்கு ஏற்கெனவே நிறைய சலுகை இருக்கிறது, இதுகூடச் செய்யக் கூடாதா?)

போன செமஸ்டரில் பாதி நாள் இந்த ஒரு ஷாட்டோடு மல்லுக்கட்டியதில் போனது. அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கலாம் என்றுதான் இது. கிளாஸில் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கும், எங்கோ ஒரு சிமெண்ட் கோர்ட்டில் இடது பக்கம் பந்து வந்தாலே மனசுக்குள் சாமி கும்பிடுகிற முகம் தெரியாத நண்பர்களுக்கும்.

இடது பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

"பழக்கம் இல்லை", "பலம் இல்லை" என்று சொல்வார்கள். இரண்டும் ஓரளவு உண்மை. சின்ன வயதில் மாங்காய் மரத்தில் கல்லெறிந்த கை எல்லாருக்கும் இருக்கிறது. அந்த வீச்சின் தம்பிதான் ஃபோர்ஹேண்ட். பேக்ஹேண்டுக்கு அப்படி ஊரறிந்த சொந்தம் எதுவும் கிடையாது.

ஆனால் முக்கியமான காரணம் வேறு. எழுந்து நின்று செய்து பாருங்கள். ஃபோர்ஹேண்ட் அடிக்க உடம்பைத் திருப்பினால், மட்டை பிடித்திருக்கும் வலது தோள் பின்னால் இருக்கும். அதனால் பந்து கொஞ்சம் பின்னால் வந்துவிட்டாலும் எப்படியோ சமாளித்து அடித்துவிடலாம். இப்போது பேக்ஹேண்டுக்குத் திரும்புங்கள். அதே வலது தோள் இப்போது முன்னால், வலைப் பக்கம் இருக்கிறது. கை அந்தத் தோளிலிருந்துதான் தொங்குகிறது. ஆகவே பந்தைத் தோளுக்கும் முன்னால் சந்தித்தால்தான் கையில் பலம் இருக்கும். ஒரு முழம் தாமதமாகச் சந்தித்தாலும் கை மடங்கி, மணிக்கட்டு திரும்பி, பந்து எங்கோ போய்விடும்.

சுருக்கமாகச் சொன்னால், ஃபோர்ஹேண்ட் தாமதத்தை மன்னிக்கும், பேக்ஹேண்ட் மன்னிக்காது. இரண்டு கை பேக்ஹேண்ட் கொஞ்சம் மன்னிக்கும். ஏனென்றால் அதில் முக்கால்வாசி வேலையைச் செய்வது இடது கை. அந்தத் தோள் பின்னால்தான் இருக்கிறது. அதாவது இரண்டு கை பேக்ஹேண்ட் என்பது, வலது கை துணைக்கு நிற்க, இடது கையால் அடிக்கிற ஒரு ஃபோர்ஹேண்ட். நடால் எழுதுவது வலது கையால், டென்னிஸ் ஆடியது இடது கையால். அவருடைய பேக்ஹேண்டில் கூட வந்தது அந்த இயல்பான வலது கை. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய சொத்து!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தது சித்தப்பா. எங்கள் ஊர் ஆபீசர்ஸ் கிளப்பில் ஒரே ஒரு சிமெண்ட் கோர்ட். நடுவில் ஒரு விரிசல், அதில் பந்து பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. சாயங்காலம் பேங்கிலிருந்து வந்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆடுவார். ஒற்றைக் கை பேக்ஹேண்ட். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இன்னும் மறக்கவில்லை. "இடது தோள்ல துண்டு கிடக்குன்னு நினைச்சுக்கோ. அதை வலது கையால எடுத்து முன்னாடி உதறு. அவ்வளவுதான்டா." அவ்வளவுதான். கிரிப், பேலன்ஸ் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒன்பது வயதுப் பையனுக்குத் துண்டு புரியும்.

2016 ஜனவரியில் சென்னை ஓபனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், மலிவு டிக்கெட், மேல் வரிசை. வாவ்ரிங்கா ஆடினார். 2011, 2014, 2015, 2016 என்று சென்னையில் நாலு முறை கோப்பை வாங்கினவர் அவர். நாங்கள் பார்த்தது அந்தக் கடைசி வருடத்தில். ஒற்றைக் கையில் கோட்டை ஒட்டி நேராக ஒரு பேக்ஹேண்ட் அடித்தார். சத்தம் மேல் வரிசை வரை கேட்டது. சித்தப்பா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "பார்த்தியா, துண்டு!" என்றார். பக்கத்து சீட்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

இப்போது சித்தப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஆடுவதில்லை. கிளப் கோர்ட்டில் கோடுகளை மாற்றிப் போட்டு ஷட்டில் ஆடுகிறார்கள். சென்னை ஓபனும் 2017-க்குப் பிறகு புனேவுக்குப் போனது. மிச்சம் இருப்பது என் கையிலுள்ள அந்த ஒற்றைக் கை உதறல் மட்டும்தான்.

அதனால்தான் எங்கள் பி.டி. சார் அன்று சொன்னது அவ்வளவு உறைத்தது. "தம்பி, ஜோனலுக்கு எட்டு வாரம் இருக்கு. உன் பேக்ஹேண்ட் பக்கம் எல்லாரும் தூக்கித் தூக்கிப் போடறாங்க. முழங்கை வேற வலிக்குதுங்கிற. பேசாம ரெண்டு கைக்கு மாறு. இல்லைன்னா சிங்கிள்ஸ விட்டுட்டு டபுள்ஸ் மட்டும் ஆடு."

அவர் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. டீமில் மூன்றாவது சிங்கிள்ஸ் இடம் எனக்கு. அதே இடத்துக்கு முதல் வருடப் பையன் ஒருவன் காத்திருக்கிறான். இடது கைக்காரன், டாப்ஸ்பின் போட்டு என் காது உயரத்துக்குப் பந்தை எழுப்புகிறவன். முழங்கையின் வெளிப்பக்கம் வலி எப்படி என்றால், ஹாஸ்டல் பாத்ரூமில் பக்கெட்டைத் தூக்கினால் சுரீர் என்று வரும். டூத்பேஸ்ட் மூடியைத் திறக்க ரூம்மேட்டைக் கூப்பிடுகிற நிலைமை.

ராத்திரி சித்தப்பாவுக்கு போன் போட்டேன். வருத்தப்படுவார் என்று நினைத்துத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கையை மாத்தணும்னா தாராளமா மாத்திக்கோடா. அதுல என்ன இருக்கு? ஆனா கால் அங்கேயே நின்னா நாலு கை வச்சாலும் ஆகாது."

ஒரு கை, இரண்டு கை: கொஞ்சம் பழைய கதை

மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

இரண்டு கையால் அடிப்பது 1930-களிலேயே ஆஸ்திரேலியாவில் ஓரிருவர் செய்ததுதான். ஆனால் 1970-களில் கிறிஸ் எவர்ட், ஜிம்மி கானர்ஸ், பியோன் போர்க் மூவரும் ஜெயிக்க ஆரம்பித்த பிறகுதான் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. இதில் எவர்ட் கதை சுவாரசியம். அவருக்கு அப்பாதான் கோச். மகள் ரொம்பச் சின்னப் பெண், ஒரு கையால் மட்டையைச் சுற்ற பலமில்லை என்பதால் இரண்டு கையால் பிடித்தாள். வளர்ந்ததும் மாறிவிடுவாள் என்று அப்பா எதிர்பார்த்தார். மாறவில்லை. 18 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம்!

எதிர்ப்பக்கம் போனவர் பீட் சாம்ப்ராஸ். 14 வயது வரை இரண்டு கை. நன்றாகவே ஜெயித்துக்கொண்டிருந்த பையனை, விம்பிள்டன் புல்தரையில் ஆட வேண்டியவன் என்று சொல்லி ஒற்றைக் கைக்கு மாற்றினார் கோச். மாறிய புதிதில் ஜூனியர் ஆட்டங்களில் தோற்றார். பிறகு 19 வயதில், 1990-இல், அமெரிக்க ஓபன். மொத்தம் 14 கிராண்ட்ஸ்லாம், அதில் ஏழு விம்பிள்டன்.

"ஒற்றைக் கைக்கு உயரமும் புஜபலமும் வேண்டும்" என்று சொல்கிறவர்களுக்கு ஜஸ்டின் ஹெனின் பெயரைச் சொல்லலாம். 167 செ.மீ. உயரம், ஒல்லி உடம்பு, ஏழு கிராண்ட்ஸ்லாம். ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு அவரை விட அழகான உதாரணம் கிடையாது என்பது என் கட்சி.

இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆண்கள் தரவரிசை தொடங்கியது 1973-இல். 2024 பிப்ரவரியில்தான் முதல் பத்து இடங்களில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர் ஒருவர்கூட இல்லாத நிலை முதல் முறையாக வந்தது. அதன் பிறகு டிமிட்ரோவ், முசெட்டி போன்றவர்கள் உள்ளே வந்தார்கள் என்பது வேறு விஷயம். காரணம் எளிது. பந்து முன்னைவிட வேகமாக வருகிறது, உயரமாக எழும்புகிறது. இரண்டுமே ஒற்றைக் கைக்கு ஆகாதவை. இன்று ஐந்து வயதுக் குழந்தைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டு கையே சொல்லிக்கொடுங்கள். என் ஓட்டும் அதற்குத்தான்.

ஆனால் எனக்கு ஐந்து வயது இல்லை, எட்டு வாரம் இருக்கிறது. அதில் ஒரு புது ஷாட்டை முதலிலிருந்து கற்றுக்கொள்வதா, இருப்பதைச் சரிசெய்வதா?

போன் சொன்ன உண்மை

இந்தக் கேள்விக்கு விடை சொன்னது ஸ்லோ மோஷன். வேலி ஓரம் ஒரு ஸ்டூலில் போனைச் சாய்த்து வைத்து, நொடிக்கு 240 ஃபிரேமில், டீமில் உள்ள ஐந்து பேரையும் எடுத்தோம். மூன்று பேர் இரண்டு கை, இரண்டு பேர் ஒற்றைக் கை. ஒவ்வொருவருக்கும் இருபது பேக்ஹேண்ட். ராத்திரி மெஸ் முடிந்து உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்தோம்.

கையைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்தோம். எங்கள் லெவலில் எதிராளி அடித்த பந்து நம் மட்டைக்கு வந்து சேரச் சுமார் ஒன்றரை நொடி ஆகிறது. பந்து வலையைத் தாண்டுவதற்குள் தோள் திரும்பி முடிந்திருந்த பந்துகள், ஒற்றைக் கையோ இரண்டு கையோ, பெரும்பாலும் உள்ளே விழுந்தன. பந்து நம் பக்கம் குத்தி எழும்பிய பிறகு தோள் திரும்பியவை, யார் அடித்திருந்தாலும், வலையிலோ வேலியிலோ போய் முடிந்தன. எங்கள் டீமில் இரண்டு கையால் அடிக்கிற பையனின் மோசமான பந்துகளும் என் மோசமான பந்துகளும் பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி. கால் நட்டு வைத்தது போல நிற்கிறது, கை மட்டும் அவசரமாகப் போகிறது.

சித்தப்பா அந்த வீடியோவைப் பார்த்தவரும் இல்லை.

மறுநாள் பி.டி. சாரிடம் போனேன். "சார், நாலு வாரம் குடுங்க. கையை மாத்தாம, காலையும் தோளையும் மட்டும் மாத்திப் பார்க்கறேன். சரி வரலைன்னா நீங்க சொல்றதைக் கேட்கறேன்." வீடியோவையும் காட்டினேன். பார்த்துவிட்டு, "நாலு வாரம். அப்புறம் அவனோட ஒரு செலக்ஷன் மேட்ச்" என்றார்.

நாலு வாரமும் என்ன செய்தேன்?

1. கிரிப். மட்டையின் கைப்பிடிக்கு எட்டு பட்டை. மட்டையைச் செங்குத்தாக, அரிவாளை வெட்டப் பிடிப்பது போலப் பிடித்தால் வருவது கான்டினென்டல். ஸ்லைஸுக்கும் வாலிக்கும் சர்வுக்கும் அது சரி. ஒற்றைக் கை டாப்ஸ்பினுக்கு, ஆள்காட்டி விரலின் அடி மூட்டு உச்சிப் பட்டையின் மேல் வரும்படி கையை இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்ப வேண்டும். அப்போதுதான் மணிக்கட்டை முறுக்காமலே மட்டையின் முகம் பந்தைப் பார்க்கும். இரண்டு கைக்காரர்களுக்கு வலது கை கான்டினென்டல், அதற்கு மேலே இடது கை ஃபோர்ஹேண்ட் பிடி. இந்த மாற்றத்தைச் செய்வது வலது கை இல்லை. இடது கை மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும், வலது கை சும்மா தளர்ந்து விடும். டிவி பார்க்கும்போதும் இதையே திருப்பித் திருப்பிச் செய்தேன், பார்க்காமலே விரல் பட்டையைக் கண்டுபிடிக்கிற வரை.

2. ஸ்பிளிட் ஸ்டெப். எதிராளியின் மட்டையில் பந்து படுகிற அந்த நேரத்தில் ஒரு சின்னத் துள்ளல். இரண்டு கால்களும் தரையில் இறங்கும்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெரிந்திருக்கும், உடம்பு கிளம்பத் தயாராக இருக்கும். எல்லா கோச்சும் சொல்வது, யாரும் செய்யாதது.

3. தோள். பந்து இடது பக்கம் என்று தெரிந்த உடனே முதல் வேலை கையைப் பின்னால் இழுப்பது இல்லை, உடம்பை மொத்தமாகத் திருப்புவது. மட்டை தானாகப் பின்னால் போய்விடும். என் வலது தோளுக்கு மேலாக எதிராளியைப் பார்க்கிறேனா என்பதுதான் சோதனை. முகவாய் தோளில் இடிக்கிற அளவு திரும்பியிருக்க வேண்டும். முதல் வாரம் பந்தே இல்லாமல், ஹாஸ்டல் வராந்தாவில் தினம் நூறு தடவை: துள்ளல், திருப்பம், ஒரு அடி, வீச்சு. மூன்றாம் மாடியில் பேய் பிடித்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று ஜூனியர்கள் பேசிக்கொண்டார்களாம்.

4. கடைசி அடி. ஓடிப்போய் அடிப்பதும் ஓடிப்போய் நின்று அடிப்பதும் வேறு வேறு. கடைசிக்கு முந்தின அடியில் இடது காலை ஊன்றி உடம்பை நிறுத்தி, கடைசி அடியாக வலது காலைப் பந்தை நோக்கி முன்னால் வைக்க வேண்டும். உடம்பின் எடை அந்தக் காலுக்குப் போகும்போது மட்டையும் போகிறது. பந்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றுகொண்டால் கையை நீட்ட இடமிருக்காது.

5. பந்தைத் தொடும் இடம். ஒற்றைக் கைக்கு முன் பாதத்துக்கும் முன்னால், இடுப்பு உயரம். இரண்டு கைக்கு அதைவிடக் கொஞ்சம் உள்ளே வரலாம். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, ரூம்மேட்டை அந்தக் கோட்டுக்கு நேராகப் பந்தைக் கையால் விடச் சொல்லி அடித்தேன். தினம் ஐம்பது. மட்டை பந்துக்குக் கீழேயிருந்து மேலே போக வேண்டும். வலையில் விழுகிற பேக்ஹேண்டுகள் பெரும்பாலும் பந்து உயரத்திலேயே மட்டையை நேராகத் தள்ளுவதால் வருபவை.

6. சும்மா இருக்கிற கை. ஒற்றைக் கை ஷாட்டில் இடது கைக்கும் வேலை இருக்கிறது. கழுத்தைப் பிடித்தபடி மட்டையைப் பின்னால் கொண்டுபோகிறது. பந்தை அடிக்கும் நேரத்தில் விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போகிறது. வாவ்ரிங்காவின் போட்டோக்களைப் பாருங்கள், இரண்டு கையும் சிறகு மாதிரி விரிந்திருக்கும். அழகுக்காக இல்லை. இடது கை பின்னால் போகாவிட்டால் நெஞ்சு சீக்கிரமே வலைப் பக்கம் திரும்பிவிடும், பந்து வெளியே போய்விடும். இரண்டு கைக்காரர்களுக்கு வேறு பயிற்சி: இடது கையால் மட்டும், மட்டையைக் கொஞ்சம் மேலே பிடித்து, ஐம்பது ஃபோர்ஹேண்ட். ரூம்மேட் முதல் நாள் பத்தில் எட்டைக் கோர்ட்டுக்கு வெளியே அடித்தான். பத்தாம் நாள் அவனுடைய பேக்ஹேண்டே வேறு ஆளுடையது போல இருந்தது.

7. குறுக்காக அடி. மூன்றாவது வாரம் முழுக்க மூலைக்கு மூலை மட்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வலை நடுவில் 3 அடி உயரம், ஓரத்துக் கம்பத்தில் 3.5 அடி. கோர்ட்டின் நீளம் 78 அடி, சிங்கிள்ஸ் அகலம் 27 அடி. மூலைக்கு மூலை கணக்குப் போட்டால் 82.5 அடி வரும். நேராக அடிப்பதைவிடக் குறுக்காக அடித்தால் வலையும் அரை அடி தாழ்வு, பந்து விழ நாலரை அடி கூடுதல் இடம். பிதாகரஸ் நமக்காகச் செய்துவைத்துப் போன உதவி. எட்டாம் வகுப்பிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் கணக்கில் இன்னும் பத்து மார்க் வாங்கியிருப்பேன்.

8. ஸ்லைஸ். காலும் தோளும் நேரத்துக்கு வராத பந்துகள் எப்போதும் இருக்கும். அவற்றுக்கு ஸ்லைஸ். மேலேயிருந்து கீழே வெட்டுவது இல்லை, மேலேயிருந்து முன்னால் நீட்டுவது. பந்து மெதுவாக, தாழ்வாகப் போகும். நமக்குத் திரும்பி நடுவுக்கு வர நேரம் கிடைக்கும்.

முழங்கை பற்றி இரண்டு வார்த்தை. டென்னிஸ் எல்போ என்பது மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் சேரும் இடத்தில் வருகிற கோளாறு. பந்தைத் தாமதமாகச் சந்தித்தால் அடியின் அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டு வழியாக அங்கேதான் போய்ச் சேரும். உடம்பு திரும்பியிருந்தால் தோளும் முதுகும் பங்கு போட்டுக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்தேன். முதல் பத்து நாள் பந்தடிக்கக் கூடாது என்றார் (வராந்தாப் பேய் பிறந்தது இப்படித்தான்). ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி கொடுத்தார். ஸ்ட்ரிங்கையும் விறைப்பான பாலியெஸ்டரிலிருந்து மெத்தென்ற நைலானுக்கு மாற்றி, டென்ஷனையும் குறைத்தேன். வலி இருப்பவர்கள் என்னை நம்பாமல் முறையாக ஒருவரிடம் காட்டுங்கள்.

உயரப் பந்துக்கு பெடரர் வைத்தியம்

இவ்வளவும் சரி. இடது கைக்காரன் காது உயரத்துக்குப் போடுகிற பந்தை என்ன செய்வது? இது எனக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. 2005 முதல் 2008 வரை நாலு வருடம் தொடர்ந்து பிரெஞ்சு ஓபனில் நடால் பெடரரை இப்படித்தான் மடக்கினார். இடது கை ஃபோர்ஹேண்ட், குறுக்காக, டாப்ஸ்பினோடு, பெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குத் தோளுக்கு மேலே. திரும்பத் திரும்ப அதே இடம்.

2014-இல் பெடரர் 90 சதுர அங்குல மட்டையை விட்டு 97-க்கு மாறினார். 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதி ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். 35 வயது, ஆறு மாத ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் பெரிய போட்டி. ஐந்தாவது செட்டில் 1-3 பின்னால். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து 6-3. அன்று அவர் பேக்ஹேண்டில் கை மாற்றவில்லை. பின்னால் போகாமல் பேஸ்லைனை ஒட்டியே நின்று, பந்து குத்தி எழும்பும்போதே, தோளுக்கு ஏறுமுன்னே அடித்தார். ஸ்லைஸைக் குறைத்தார். மட்டை பெரிதானது உதவியது, சரி. ஆனால் உயரப் பந்தை உயரத்தில் அடிக்கவே இல்லை என்பதுதான் விஷயம். அதற்கு வேண்டியது கால், சீக்கிரம் திரும்பிய தோள்.

அந்த அளவு டைமிங் நமக்கு வராது. பாதி வந்தால் போதும். நாலாவது வாரம் அதை மட்டும் செய்தேன். ரூம்மேட் பக்கெட் நிறையப் பந்தை வைத்துக்கொண்டு உயரமாகத் தூக்கிப் போடுவான். நான் ஒரு அடி முன்னால் போய் எழும்பும்போதே அடிப்பேன். அது முடியாத பந்துக்கு இரண்டு அடி பின்னால் போய், இடுப்புக்கு இறங்கவிட்டு அடிப்பேன். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு காது உயரத்தில் மட்டும் அடிப்பதில்லை என்று ஒரு சட்டம்.

செலக்ஷன் மேட்ச். எட்டு கேம் புரோ செட். முதல் நாலு கேமும் பையன் எல்லாப் பந்தையும் இடது பக்கம்தான் போட்டான். 1-3. பழைய வழக்கப்படி எல்லாம் நடக்கிறது என்றுதான் வேலிக்கு வெளியே நின்ற எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் மூன்றாவது கேமிலிருந்தே எனக்கு ஒன்று புரிந்தது. வெளியே போன பந்துகள் ஒரு சாண் இரண்டு சாண்தான் போகின்றன, வேலிக்குப் போகவில்லை. துள்ளல், திருப்பம், அடி, உதறல். 3-3. 5-5-இல் அவன் முதல் முறையாக என் ஃபோர்ஹேண்டுக்கு சர்வ் போட்டான். அடுத்த சர்வும் அங்கேயே. எத்தனையோ பேர் "நல்ல ஷாட்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், அந்த ஒரு சர்வ் போல எதுவும் இனித்ததில்லை. 8-6. மூன்றாவது சிங்கிள்ஸ் என்னிடமே இருந்தது.

ஜோனலில் முதல் சுற்றைத் தாண்டினோம், காலிறுதியில் தோற்றோம். என் ஆட்டமும் தோல்விதான், 4-6, 5-7. அங்கே வந்தவர் என் பேக்ஹேண்ட் பக்கம் அதிகம் போகவில்லை. என் செகண்ட் சர்வை ஒரு கை பார்த்தார். அது தனிக்கதை.

அன்று ராத்திரி சித்தப்பா போன் செய்தார். ஸ்கோர் கேட்கவில்லை. "முழங்கை எப்படிடா இருக்கு?" என்றார். "பரவாயில்லை சித்தப்பா, பக்கெட் தூக்க முடியுது" என்றேன். அப்புறம் ஒரு பேக்ஹேண்ட் வீடியோ அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "வலது காலை இன்னும் ஒரு சாண் முன்னாடி வை."

வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

உங்களில் யாராவது இரண்டு கையிலிருந்து ஒற்றைக் கைக்கோ, ஒற்றையிலிருந்து இரண்டுக்கோ மாறியிருந்தால் எப்படிப் பழகினீர்கள் என்று சொல்லுங்கள். செகண்ட் சர்வுக்கு ஏதாவது வழி தெரிந்தவர்கள் உடனடியாகச் சொல்லவும், அவசரம் :-)